கிதாரில் சேராத கருவிகள்

பாடலைக் கேட்டு மகிழ்பவர் ஆயிரம் பேர். பாடியவரைப் பாராட்டுபவர் நூறு பேர். பாடலுக்குத் துணைநின்ற இசைக்கருவியைச் செய்தவரை நினைப்பவர் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அந்த இசைக்கருவியைச் செய்ய உதவிய உளியையும் அச்சையும் நினைப்பவர் யார்? ஒருவரும் இல்லை என்றே சொல்லலாம். அந்த ஒருவரும் நினையாத பொருள்களைப் பற்றித்தான் நாங்கள் இங்கே எழுத முன்வந்துள்ளோம்.

இவ்வாண்டுக் கைத்தொழில் கண்காட்சிக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு தொழிலின் கருவிகளைப் பற்றி விளக்க வேண்டும் என்று எங்கள் சகோதரி கூறினார்கள். மற்றக் குழுக்கள் மண்பாண்டத்தையும் நெசவையும் எடுத்துக்கொண்டன. நாங்கள் மூவரும் பாடகர் குழுவைச் சேர்ந்தவர்கள். ஆகவே கிதாரை எடுத்துக்கொண்டோம். "கிதார் செய்வதைப் பார்க்க எங்கே போவீர்கள்?" என்று தோழியர் கேலி செய்தார்கள். நூல்களே எங்களுக்குப் பட்டறை ஆயின.

தேடத் தொடங்கியதும் நாங்கள் போய்ச் சேர்ந்த ஊர் கலமசூ. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டுக்கும் சிகாகோவுக்கும் இடையே உள்ளது. அங்கே ஆர்வில் கிப்சன் (1856–1918) என்பவர் வாழ்ந்தார். வயலினின் முகப்பலகையை எப்படிக் குடைந்து வளைவாக்குகிறார்களோ, அப்படியே மேண்டலினையும் கிதாரையும் செய்தால் என்ன என்று அவர் எண்ணினார். 1898-இல் தம் மேண்டலினுக்குக் காப்புரிமை பெற்றார். 1902-இல் அவர் பெயரால் ஒரு நிறுவனம் எழுந்தது. அந்நிறுவனம் 1922-இல் 'எல்-5' என்னும் கிதாரை வெளியிட்டது. லாயிட் லோர் என்பவர் அங்கே பணியாற்றிய காலம் அது. கிதாரின் நடுவில் வட்டத் துளை இருக்கும் அல்லவா? அதற்குப் பதிலாக வயலினில் காண்பது போன்ற இரண்டு நீள்துளைகள் இதில் இருந்தன. 1936-இல் அதே நிறுவனம் மின்சாரத்தால் ஒலி பெருக்கும் 'இ.எஸ்-150' என்ற கிதாரையும் செய்தது. சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர் அதை வாசித்து உலகப் புகழ் பெற்றார்.

இவையெல்லாம் உள்ளீடற்ற கிதார்கள். உடல் ஒரு வெற்றுக்கூடு. தனியே ஒரு கம்பியை மீட்டினால் ஓசை மிக மெல்லியதாகவே கேட்கும். கம்பியின் அதிர்வு பாலத்தின் வழியே முகப்பலகைக்குச் செல்கிறது. பலகை அதிர்ந்து கூட்டுக்குள் இருக்கும் காற்றை அசைக்கிறது. ஆகவே பலகை தடித்தால் ஓசை மங்கும்; மெலிந்தால் கம்பிகளின் இழுவையைத் தாங்காது. இந்த இரண்டிற்கும் நடுவில் உள்ள சில மில்லிமீட்டரைக் காப்பதற்காகவே அத்தனை கருவிகளும் பிறந்திருக்கின்றன என்று கூறலாம்.

பட்டறைகளில் 'ஜிக்' என்று ஒரு சொல் வழங்குகிறது. செய்யும் பொருளை ஓரிடத்தில் அசையாமல் பிடித்து, வாளோ துளைக்கருவியோ எந்த வழியே போக வேண்டுமோ அந்த வழியே மட்டும் போகச் செய்யும் துணைக்கருவி அது. கிதாருக்கு எத்தனை ஜிக்குகள் என்று எண்ணத் தொடங்கி எங்கள் விரல்கள் போதாமல் போயின. சிலவற்றை மட்டும் கூறுகிறோம்.

முதலில் பக்கப்பலகை. மேப்பிள் மரத்தை ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி, நனைத்து, சூடேறிய உலோகக் குழாயின் மேல் வைத்து மெல்ல மெல்ல வளைக்கிறார்கள். அவசரப்பட்டால் 'படக்'கென்று முறியும். வளைந்த பலகை ஆறியதும் மறுபடியும் நிமிரப் பார்க்கும். எனவே கிதாரின் உருவத்தில் வெட்டிய கனமான மர அச்சுக்குள் அதை வைத்து இறுக்குகிறார்கள். நாம் பெட்டிக்குள் பொருளை வைப்போம். இங்கே அச்சுக்குள் வைத்தே பெட்டியைச் செய்கிறார்கள்!

அடுத்தது எங்களை வாய்விட்டுச் சிரிக்க வைத்தது. பக்கப்பலகை மிக மெல்லியது. அதன் விளிம்பில் முகப்பலகையை ஒட்ட இடம் போதாது. ஆகவே உட்புறம் நெடுக ஒரு மரக்கீற்றை ஒட்டுகிறார்கள். அது வளைய வேண்டும் என்பதற்காகச் சிறு சிறு இடைவெளியில் வாளால் கீறிவிடுகிறார்கள். அதை ஒட்டும்போது பிடித்துக்கொள்ளும் கருவி எது தெரியுமா? நாம் கொடியில் துணி காயப்போடும்போது மாட்டும் மரக் கிளிப்! பிடி போதாவிட்டால் அதன்மேல் ஒரு ரப்பர் வளையத்தைச் சுற்றிக்கொள்கிறார்கள். பெட்டியை மூடும் நாளில் நூல்கண்டுக் கட்டையைப் போன்ற மர உருளைகளை நீண்ட திருகாணியில் கோத்து, விளிம்பைச் சுற்றிலும் வரிசையாக இறுக்குகிறார்கள். துவைக்கும் கல்லின் அருகிலும் தையல் பெட்டியிலும் நாம் அன்றாடம் காணும் பொருள்கள் ஓர் இசைக்கருவியின் பிறப்புக்குத் துணை நிற்கின்றன.

மூன்றாவது, முகப்பலகையைக் குடைவது. ஏறத்தாழ ஓர் அங்குலக் கனமுள்ள ஸ்புரூஸ் மரத்தில் தொடங்கி, நடுவில் சுமார் 6 மில்லிமீட்டரும் விளிம்பருகே சுமார் 3 மில்லிமீட்டரும் இருக்குமாறு குடைய வேண்டும். பெரும்பகுதி மரம் சீவலாகத் தரையில் விழுந்துவிடும். எங்கே நிறுத்துவது என்று எப்படித் தெரியும்? அதற்கு ஓர் எளிய ஜிக் உண்டு. துளையிடும் எந்திரத்தின் அலகுக்கு நேர் கீழே, மொழுக்கென்ற தலையுள்ள ஒரு முளையை நட்டுவிடுகிறார்கள். அலகு எவ்வளவு இறங்கினாலும் முளைக்கும் அதற்கும் இடையே 6 மில்லிமீட்டர் மீந்திருக்கும்படி நிறுத்திவிடுகிறார்கள். வெளிப்புறம் குடைந்து முடித்த பலகையை அந்த முளையின் மேல் கவிழ்த்து வைத்து, உட்புறத்தில் துளைகள் போடுகிறார்கள். பிறகு துளைகளின் அடி மறையும் வரை உளியால் குடைந்தால் போதும். விளிம்பை நெருங்க நெருங்க இடைவெளியைக் குறைத்துக்கொள்கிறார்கள். இறுதியில் கட்டைவிரல் அளவே உள்ள சிறு இழைப்புளியாலும் எஃகுத் தகட்டாலும் சுரண்டி, பலகையை விரலால் தட்டிக் கேட்டு முடிக்கிறார்கள். அந்தக் கடைசி வேலைக்கு ஜிக் கிடையாது. அங்கே செவியும் விரலுமே கருவிகள்.

நான்காவதை நாங்களே செய்து பார்த்தோம். கிதாரின் கழுத்தில் குறுக்கே உலோகக் கட்டைகள் பதிந்திருக்கும். அவற்றை மனம்போன இடத்தில் பதிக்க முடியாது. கம்பியின் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் கட்டையின் இடம் வரும். மீதியை மறுபடியும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது வரும். கம்பி 648 மில்லிமீட்டர் என்றால் முதல் கட்டை 36.4 மில்லிமீட்டரில். பன்னிரண்டாவது கட்டை சரியாகப் பாதியில், 324 மில்லிமீட்டரில் வந்து நிற்கும். கணக்கு நோட்டில் இதைக் கண்டபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை.

எங்கள் பள்ளியின் பெஞ்சுகளைப் பழுதுபார்க்க வரும் தச்சர் தாத்தாவிடம் சென்று, குழிகளை நேராக அறுக்க ஒரு பெட்டி வேண்டும் என்று கேட்டோம். அவர் எங்கள் படத்தை நெடுநேரம் பார்த்தார். "ஒவ்வொரு கோட்டையும் முந்தின கோட்டுல இருந்து அளக்காதீங்க பாப்பா. அரை மில்லி தப்பினா அதுமேல அரை மில்லி ஏறும். எல்லாத்தையும் ஒரே முனையில இருந்து அளங்க. ஒருதரம் ஒழுங்கா ஒரு அட்டை வெட்டி வச்சுட்டா, அப்புறம் நூறு தரம் அளக்க வேண்டாம்" என்றார். அவர் தந்த தேக்குத் துண்டுகளைக் கொண்டு, இருபுறமும் பிளவு விட்ட ஒரு சிறு பெட்டி செய்தோம். அதற்குள் பயிற்சிக் கட்டையை வைத்து, மெல்லிய வாளைப் பிளவில் இறக்கினால் வாள் சாய வழியே இல்லை. நாங்கள் மூவரும் மாறி மாறி அறுத்தோம். பன்னிரண்டு குழிகளில் எது யார் அறுத்தது என்று பின்னர் எங்களாலேயே சொல்ல இயலவில்லை.

அப்போதுதான் நாங்கள் படித்த மற்றொரு செய்தியின் பொருள் விளங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது கலமசூவின் ஆண்கள் பலர் போர்முனைக்குச் சென்றுவிட்டார்கள். 1942 முதல் உலோகத்துக்கும் கடும் கட்டுப்பாடு. கழுத்து வளையாமல் இருக்க உள்ளே வைக்கும் எஃகுக் கம்பிகூட அக்காலக் கிதார்கள் சிலவற்றில் இல்லை. ஆயினும் அங்கே கிதார்கள் தொடர்ந்து உருவாயின. அவற்றைச் செய்தவர்கள் பெண்கள்! 1944-இல் எடுத்த ஒரு புகைப்படத்தில் அத்தொழிற்சாலையின் முன் ஏறத்தாழ 75 பெண்கள் நிற்கிறார்கள். ஜான் தாமஸ் என்னும் சட்டப் பேராசிரியர் பல்லாண்டுகளுக்குப் பின் அப்படத்தைக் கண்டு வியந்து, அப்பெண்களில் உயிரோடு இருந்த சிலரைத் தேடிச் சென்று பேசி, ஒரு நூல் எழுதினார். அவர்களில் பெரும்பாலோர் அதற்குமுன் கிதார் செய்து அறியாதவர்கள். அவர் அக்காலத்துக் கிதார்களை எக்ஸ்ரே எடுத்தும் பார்த்தார். அவற்றின் உள்வேலை மற்றக் காலத்து வேலையைவிட நயமாக இழைக்கப்பட்டிருந்தது என்று எழுதுகிறார். ஆனால் பெண்கள் செய்தவை என்பதை அந்நாளில் யாரும் பறைசாற்றவில்லை.

புதிதாக வந்த கைகள் எப்படி அவ்வளவு நயமாகச் செய்தன? நாங்கள் நினைப்பது இதுதான். ஆண்கள் போருக்குப் போனார்கள். அச்சுகளும் ஜிக்குகளும் பட்டறையிலேயே இருந்தன. முன்னே ஒருவர் பொறுமையாக எடுத்த அளவு, பின்னே வருபவருக்காக மரத்தில் காத்திருந்தது. ஆனால் ஜிக் வழியைத்தான் காட்டும். உப்புத்தாளைப் பிடித்து இழைத்து, போதும் என்று உணர்ந்து நிறுத்துவதைக் கைதான் செய்ய வேண்டும். அதைச் செய்தவர்கள் அப்பெண்களே.

இது எங்களுக்கு வெறும் கண்காட்சிச் செய்தி அன்று. எங்களில் ஒருத்தி பத்தாம் வகுப்பு முடிந்ததும் பாலிடெக்னிக்கில் சேர்ந்து எந்திரத் தொழில் கற்க விரும்புகிறாள். அவளுடைய அம்மா வீட்டில் தையல் வேலை செய்து குடும்பத்துக்குத் துணை நிற்பவர்கள். "ரம்பமும் அரமும் ஆம்பளைங்க வேலைடி. நாளைக்கு நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்ல?" என்று மறுத்துவிட்டார்கள். கண்காட்சிக்கு முந்தின நாள் மாலை நாங்கள் மூவரும் அவர்கள் வீட்டில் அமர்ந்து படங்களுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தோம். சுவரில் ஓர் ஆணியில், ரவிக்கையின் கழுத்துக்கும் கைக்குமாக வெட்டிய பழைய அட்டைகள் தொங்கின. "அத்தை, நீங்கள் வைத்திருப்பதும் ஜிக் தானே?" என்று கேட்டோம். அவர்கள் தையல் இயந்திரத்தை நிறுத்தினார்கள். நாங்கள் வரைந்த மர அச்சின் படத்தைப் பார்த்தார்கள். ஆணியில் தொங்கிய அட்டைகளைப் பார்த்தார்கள். "இது எங்கம்மா வெட்டினது. இருபது வருசமா இதை வச்சுத்தான் வெட்டறேன்" என்றார்கள். சற்றுப் பொறுத்து, "அப்படின்னா நானும் பட்டறைக்காரிதான்னு சொல்றீங்க" என்று சிரித்தார்கள்.

உடனே சம்மதித்துவிட்டார்கள் என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். "மார்க்கு வரட்டும், அப்பாகிட்டயும் கேட்டுப் பாக்கலாம்" என்பதே அன்று கிடைத்த விடை. ஆனால் 'கூடாது' என்ற சொல் 'பார்க்கலாம்' என்று மாறியது. அரை மில்லிமீட்டரின் அருமை அறிந்த எங்களுக்கு அது சிறிய மாற்றமாகத் தோன்றவில்லை.

கலமசூவின் அந்தத் தொழிற்சாலையைக் கிப்சன் நிறுவனம் 1984-இல் மூடிவிட்டு வேறு ஊருக்குச் சென்றது. ஊரை விட்டுப் போக மனமில்லாத பழைய தொழிலாளர் சிலர் 1985-இல் அதே கட்டடத்தில், அங்கிருந்த பழைய எந்திரங்கள் சிலவற்றைக் கொண்டே 'ஹெரிடேஜ்' என்ற பெயரில் மீண்டும் கிதார் செய்யத் தொடங்கினார்கள். கை மாறியது, கருவி நின்றது.

தோழியரே, கிதார் முடிந்ததும் அச்சைத் திறந்து எடுத்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். கிளிப்புகளைக் கழற்றிவிடுகிறார்கள். மேடைக்குப் போகும் கிதாரில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆனால் அவற்றின் அளவு அதில் இருக்கிறது. நம்மை நிமிர்த்தி, வளைத்து, பொறுமையாகப் பிடித்திருந்து, நாம் இப்பள்ளியை விட்டுப் போகும்போது பின்னே நின்றுவிடுகிற ஆசிரியைகளும் அன்னையரும் எத்தனை பேர்! அவர்கள் தந்த அளவை நாம் எடுத்துச் செல்வோம். நமக்குப் பின் வரும் தங்கையருக்காக நாமும் ஓர் அட்டையை ஒழுங்காக வெட்டி, ஆணியில் மாட்டிவிட்டுச் செல்வோம்.