நெரை இல்லாத காடு

மஸ்ஜித் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் அப்பா 22 வருடம் சேலை மடித்தார். அங்கிருந்து புக்கிட் நானாஸ் நடக்கிற தூரம்தான். 1906-லேயே பாதுகாப்புக்கு ஒதுக்கிய காடு; இப்போது கே.எல். டவர் அதற்குள்தான் நிற்கிறது. ஒருநாள்கூட அப்பா அங்கே ஏறியதில்லை. "நான் பாக்காத காடா? பொறந்ததே காட்டுலதான்" என்பார். அவர் சொன்னது பால்மரக்காட்டை.

போன பள்ளி விடுமுறையில் அவரைத் தாமான் நெகாராவுக்கு அழைத்துப் போனேன். குவாலா தெம்பெலிங்கிலிருந்து படகில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். கரையில் எருமைகள் படுத்துக் கிடந்தன. அதுவரை உற்சாகமாகத்தான் இருந்தார்.

மறுநாள் புக்கிட் தெரெசெக் பாதை. பலகைப் பாதை முடிந்து வேர்களே படிகளாகிற இடத்தில் நின்றுவிட்டார்.

"இதுல நெரை எங்கடா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எஸ்டேட்டில் மரங்கள் நெரை நெரையாக நிற்கும். விடியாத இருட்டிலும் எண்ணிக்கொண்டே போய்த் தன் மரத்தைப் பிடித்துவிடலாம். இங்கே அடுத்தடுத்த இரண்டு மரங்கள் ஒன்றுபோல் இல்லை. வழிகாட்டித் தம்பி ஒரு துவாலாங் மரத்தைக் காட்டினார். அதன் உச்சிக் கிளைகளில் மலைத்தேனீக்கள் கூடு கட்டுமாம். அப்பா அண்ணாந்து பார்த்தார், வெகுநேரம்.

"உங்க தாத்தா இந்த மாதிரி மரத்தத்தான் சாய்ச்சிருக்காரு. விழும்போது பூமியே ஆடும்னு பெருமையா சொல்வாரு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அமேசானிலிருந்து கொண்டுவந்த மரத்தை நட, தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த ஆட்கள் இந்த நாட்டுக் காட்டை அழித்தார்கள். கூலிக்குச் செய்தார்கள், வேறு வழியும் இல்லை. அழிக்கச் சொன்ன அதே வெள்ளைக்கார ஆட்சிதான் 1938-39-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் இந்த 4,343 சதுர கிலோமீட்டரை ஒதுக்கியும் வைத்தது. அதற்காக அவர்களை வாழ்த்த எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒதுக்காமல் விட்டிருந்தால் இங்கேயும் நெரைதான் நின்றிருக்கும்.

தாத்தாவின் கதைகளில் புலி தவறாமல் வரும். 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பின்படி தீபகற்பக் காடுகளில் 150 புலிகள்கூட மிச்சமில்லை. எங்கள் கண்ணில் பட்டது ஒரு காட்டுப்பன்றி மட்டும்.

இறங்கும்போது பாத்தேக் குடும்பமொன்று எதிரே வந்தது. இந்தக் காட்டிலேயே வாழ்கிற பூர்வகுடிகள். அப்பா சட்டென்று பாதையை விட்டு இறங்கி என்னையும் இழுத்தார்.

"வழி விடுடா. அவங்க எடம்."

விடுதித் திண்ணையில் உட்கார்ந்து கால்சட்டையைச் சுருட்டினார். கணுக்காலில் ஓர் அட்டை. நான் உப்பு தேடி எழுந்தேன். அதற்குள் நகத்தால் லாவகமாக நெம்பித் தூர எறிந்துவிட்டார்.

"இது மட்டும் அங்கயும் இருந்துச்சுப்பா."