மலையேறும்போது மட்டும் ஏன் கொதிக்கிறது?

என் தாய்மாமா தாப்பாவில் கேட்டரிங் தொழில் செய்கிறார். திருமணம், பிறந்தநாள், கோவில் அன்னதானம் என்று வாரக் கடைசியில் அவருக்கு ஓய்வே இருக்காது. வருமானத்தில் பெரும்பகுதி கேமரன் மலையிலிருந்து வருகிறது. பழைய டீசல் பிக்கப்பின் பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டி, அண்டா, அடுப்பு, ஜெனரேட்டர், மேசை நாற்காலி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையிலேயே மலையேறி விடுவார்.

கடந்த ஆண்டு அந்தப் பிக்கப் மலையில் கொதிக்க ஆரம்பித்தது. அதே டிரெய்லரோடு ஈப்போவுக்குப் போனால் ஒன்றுமில்லை. தாப்பா சாலையில் லாத்தா இஸ்கண்டார் அருவி வரைக்கும்கூடச் சமாளித்துவிடும். அதைத் தாண்டி வளைவுகள் நெருங்க நெருங்க முள் மேலே போகும். ரிங்லெட் வருவதற்குள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடும். ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி கொஞ்ச தூரம் ஓடும். அந்த இருவழிச் சாலையில் டிரெய்லரோடு ஒதுங்க இடம் கிடைப்பதே பெரும்பாடு. பின்னால் காய்கறி லோரிகள் ஹாரன் அடிக்கும். உள்ளே எரிவாயுத் தோம்பு, பரிமாற வரும் இரண்டு பிள்ளைகள். அத்தைக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் வயிற்றில் நெருப்பு.

பட்டறையில் முதலில் தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள். பிறகு ரேடியேட்டர் மூடி. பிறகு வாட்டர் பம்ப். ஒவ்வொரு முறையும் தாப்பாவுக்குள் ஓட்டிப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. மலைக்குப் போனால் பழைய கதைதான். கடைசியில், "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இஞ்சினைத் திறந்தாகணும்" என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்ன தொகைக்கு மாமாவிடம் பணம் இல்லை. பிக்கப்பை வந்த விலைக்கு விற்றுவிட்டு, மலை ஆர்டர்களையும் விட்டுவிடலாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். அத்தை எனக்குப் போன் செய்து, "நீ சொன்னா உன் மாமா கேட்பாரும்மா, ஒருதடவை பேசு" என்றார்.

நான் மெக்கானிக் அல்ல. வானொலியில் அறிவிப்பாளர். ஆனால் வாகனப் பராமரிப்பு பற்றி நேயர்கள் போன் செய்து கேட்கும் நிகழ்ச்சியைச் சில காலம் நடத்தியிருக்கிறேன். நேயர்கள் எப்போதும், "வண்டி சூடாகுது, எதை மாத்தணும்?" என்றுதான் கேட்பார்கள். வந்திருக்கும் அனுபவசாலி போமன் பதில் சொல்ல மாட்டார். "எப்போ சூடாகுது?" என்று திருப்பிக் கேட்பார். அந்த ஒரு கேள்வியைத்தான் மாமாவின் விஷயத்தில் யாரும் நின்று கேட்கவில்லை என்று எனக்குப் பட்டது.

எப்போது என்பதில்தான் விடை

சாலை நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடேறி, வேகமாக ஓடும்போது தணிந்தால் காற்றாடியைச் சந்தேகிக்க வேண்டும். ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டருக்குள் புகுந்துவிடும். நிற்கும்போது காற்றாடிதான் இழுத்துத் தர வேண்டும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது சூடேறினால் ரேடியேட்டர் உள்ளேயோ வெளியேயோ அடைத்திருக்கலாம், அல்லது தண்ணீர் ஓட்டம் போதாமல் இருக்கலாம். ஸ்டார்ட் செய்து சில நிமிடங்களிலேயே ஏறினால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது தண்ணீர் குறைந்திருக்கிறது. வெளியே ஒரு சொட்டு ஒழுகாமல் தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட் பற்றி யோசிக்கலாம்.

பாரம் இழுத்து மலையேறும்போது மட்டும் சூடேறினால்? குளிர்விக்கும் அமைப்பு முழுக்கச் செத்துவிடவில்லை, ஆனால் அதன் பலம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். சமதளத்தில் அந்தக் குறை வெளியே தெரியாது. மலைதான் காட்டிக்கொடுக்கும்.

மலை எவ்வளவு கேட்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். தாப்பா பட்டணம் தாழ்வான நிலம். தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரம். பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்து மூன்றரை டன் என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டும். டீசலில் உள்ள சக்தியில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மீதியில் பெரும்பகுதி இஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் இறங்குகிறது. அதாவது, எவ்வளவு வேலை செய்கிறதோ கிட்டத்தட்ட அவ்வளவு வெப்பம் ரேடியேட்டருக்கு வந்து சேர்கிறது. இந்த ஒரு ஏற்றத்தில் சேரும் வெப்பம், 160 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. பிக்கப்பில் இருப்பதோ பத்து லிட்டர் சொச்சம். அந்த வெப்பத்தை வழிநெடுகக் காற்றில் கொட்டிக்கொண்டே போக வேண்டும்.

அதிலும் ஒரு சிக்கல். வெப்பம் மிக அதிகமாக வரும் நேரத்தில்தான் வண்டி மிக மெதுவாக, மணிக்கு 30 கிலோமீட்டரில் ஊர்ந்துகொண்டிருக்கும். முன்பக்கம் புகும் காற்று போதாது. பாரம் முழுவதும் காற்றாடியின் தலையில் விழுகிறது.

காதில் விழாத சத்தம்

மாமாவின் பிக்கப்பில் காற்றாடி மின்சாரத்தில் ஓடுவது அல்ல. இஞ்சின் பெல்ட்டோடு சேர்ந்து சுற்றுவது. நடுவில் விஸ்கஸ் கிளட்ச் என்று ஒரு வட்டமான உருண்டை இருக்கும். அதற்குள் கெட்டியான சிலிகோன் எண்ணெய். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று குளிர்ச்சியாக இருந்தால் கிளட்ச் பிடிக்காது. காற்றாடி சோம்பலாகச் சுற்றும். காற்று சூடானால் உள்ளே ஒரு சிறு வழி திறந்து, எண்ணெய் பாய்ந்து, காற்றாடியை இறுகப் பிடித்துக்கொள்ளும். அப்போது விமானம் கிளம்புவது போல "ஹோ" என்று ஓர் இரைச்சல் கேட்கும். பழைய பிக்கப் ஓட்டுபவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கம்.

எனக்கும் பழக்கம். மலையில் வாழும் நம்மவர்களைப் பற்றிய ஒரு நிகழ்ச்சிக்காக, அதற்கு முந்தைய ஆண்டு மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேசுவதை ஒலிப்பதிவு செய்துகொண்டே மலையேறியிருந்தேன். அவருடைய குரலுக்குப் பின்னால் அந்த இரைச்சல் வந்து வந்து போகும். அதை எடிட் செய்து அடக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்த வார விடுப்பில் தாப்பாவுக்குப் போனேன். டிரெய்லரில் பாதி பாரம் ஏற்றிக்கொண்டு மாமாவோடு மலையேறினேன். வண்டியின் கணினித் துளையில் செருகி, போனில் எண்ணைக் காட்டும் சிறிய கருவி ஒன்றையும் வாங்கிப் போயிருந்தேன். பல வண்டிகளில் வெப்பமானி முள், 80 டிகிரியானாலும் 100 டிகிரியானாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள்; அது நகரும்போது நிலைமை முற்றியிருக்கும். போனில் எண் தெளிவாகத் தெரிந்தது. 90, 96, 101. அருவியைத் தாண்டி 106. காற்றாடி எப்போதோ பிடித்திருக்க வேண்டும். ஜன்னலை இறக்கிவிட்டுக் கேட்டேன். இஞ்சின் முனகல் மட்டும்தான். அந்த "ஹோ" வரவே இல்லை.

"மாமா, முன்னெல்லாம் ஒரு காத்துச் சத்தம் வருமே, இப்ப வருதா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆமாம்மா... ரொம்ப நாளா இல்ல. வண்டி அமைதியாயிடுச்சேன்னு நெனச்சேன்." பிறகு அவரே சொன்னார்: "ஜாம்ல நின்னா ஏர்கோண்டும் இப்ப குளிர மாட்டேங்குது. கேஸ் குறைஞ்சிருச்சின்னு விட்டுட்டேன்." ஏர்கோண்ட் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது. இரண்டுக்கும் காற்றை இழுத்துத் தருவது அதே காற்றாடி.

திறப்பதற்கு முன் சோதிப்பது

அடுத்த நாள் வேறொரு போமனிடம் போனோம். நாங்கள் கேட்டது ஒன்றுதான்: இஞ்சினைத் திறக்காமல் சோதிக்கக்கூடியதையெல்லாம் முதலில் சோதித்துவிடுங்கள்.

ஹெட் கேஸ்கெட் போயிருந்தால், எரிந்த வாயு தண்ணீருக்குள் கசியும். காலையில் குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்தவுடனேயே மேல் ஹோஸ் கல் போல இறுகும். ரேடியேட்டருக்குள் குமிழி வந்துகொண்டே இருக்கும். மாமாவின் வண்டியில் இரண்டும் இல்லை. அடுத்து, நீல நிறத் திரவத்தை ஒரு குழாயில் ஊற்றி, ரேடியேட்டர் வாயில் வைத்து, அங்கிருக்கும் காற்றை அதற்குள் உறிஞ்சினார். எரிந்த வாயு இருந்தால் நீலம் நிறம் மாறிவிடும். சில நிமிடங்களில் முடிகிற, செலவு குறைந்த சோதனை. நீலம் நீலமாகவே இருந்தது.

பிறகு இஞ்சினை நன்றாகச் சூடேற்றி, அணைத்துவிட்டு, காற்றாடியைக் கையால் சுழற்றினார். நல்ல கிளட்ச் என்றால் சூட்டில் கை எடுத்தவுடன் கிட்டத்தட்ட நின்றுவிடும். இது மேசைக் காற்றாடி போல நாலைந்து சுற்று சுற்றியது. கிளட்ச்சின் முகப்பில் எண்ணெய் கசிந்து தூசி படிந்த தடமும் இருந்தது. கண்டென்சரைக் கழற்றியபோது இன்னொன்றும் தெரிந்தது. அதற்கும் ரேடியேட்டருக்கும் இடையில் செம்மண், பூச்சி, சருகு எல்லாம் பாய் விரித்தாற்போல அப்பிக் கிடந்தன. முன்பக்கம் நின்று பார்த்தால் அது கண்ணுக்கே தெரியாது.

கிளட்ச் மாற்றினோம். ரேடியேட்டரை உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவினார். கூலண்ட் முறையாகக் கலந்து ஊற்றினார். ஆன செலவு, இஞ்சினைத் திறக்கக் கேட்ட தொகையில் ஒரு சிறு பகுதி. அந்தச் சனிக்கிழமையே முழுப் பாரத்தோடு பிரிஞ்சாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். 98 டிகிரியில் காற்றாடி இரைந்தது, எண் 93-க்கு இறங்கியது, மறுபடி ஏறியது, மறுபடி இரைந்தது. வழியில் எங்கும் நிற்கவில்லை. "காது அடைக்குதும்மா" என்று மாமா போனில் சிரித்தார். பிக்கப்பை விற்கும் பேச்சு அதோடு நின்றது.

முதல் பட்டறையை நான் குறை சொல்ல மாட்டேன். கொண்டுபோய் நிறுத்தும்போது வண்டி குளிர்ந்திருந்தது, டிரெய்லர் வீட்டில் இருந்தது, மாமா சொன்னது "சூடாகுது" என்ற ஒரு வார்த்தை. அதை வைத்து யாரும் ஊகிக்கத்தான் முடியும். எந்த இடத்தில், எந்த கியரில், என்ன வேகத்தில், எவ்வளவு பாரத்தில், ஏர்கோண்ட் போட்டா போடாமலா, உச்சிக்குப் போனபின் தானாகத் தணிகிறதா, தண்ணீர் குறைகிறதா, எந்தச் சத்தம் புதிது, எந்தச் சத்தம் காணவில்லை – இதையெல்லாம் போமனிடம் சொல்ல வேண்டியவர் வண்டி ஓட்டுபவர்தான். மருத்துவரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் எப்படி?

மலையில் முள் ஏறினால்

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மலைக்குப் போகிறவர்களுக்கும் இது உதவும். ஏற்றத்தில் பெரிய கியரில் இஞ்சினைத் திணறவிடாதீர்கள். கியரைக் குறைத்தால் இஞ்சின் வேகமாகச் சுற்றும். வாட்டர் பம்பும் பெல்ட் காற்றாடியும் அதோடு சேர்ந்து வேகமெடுக்கும். ஆட்டோ கியர் என்றால், உயர்ந்த கியரில் தடுமாறும்போது கியர் எண்ணெயும் சூடேறும். பல வண்டிகளில் அந்தச் சூடும் ரேடியேட்டருக்கே வந்து சேரும். முள் நகர ஆரம்பித்தால் ஏர்கோண்டை அணையுங்கள். ஹீட்டர் உள்ள வண்டி என்றால் அதை முழுதாகத் திறந்துவிடுங்கள். நம் நாட்டில் பல வண்டிகளுக்கு ஹீட்டரே கிடையாது.

அப்படியும் தணியாவிட்டால் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்துங்கள். ஆவி வராமல், தண்ணீர் கொட்டாமல் இருந்தால் இஞ்சினைச் சில நிமிடம் சும்மா ஓடவிடுங்கள், டர்போவும் ஆறும். ஆவியோ ஒழுக்கோ இருந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டில் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும்வரை உள்ளே இருக்கும் தண்ணீர் 110 டிகிரியிலும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், முகத்தில் பாயும். தானா ராத்தா உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாமா இப்போது டாஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். தேதி, பாரம், அருவியில் எத்தனை டிகிரி, ரிங்லெட்டில் எத்தனை டிகிரி. கல்யாண வீட்டுச் சாம்பாருக்கு எத்தனை கிலோ பருப்பு என்ற கணக்குக்குப் பக்கத்திலேயே அதுவும் இருக்கிறது.