மறவாத கன்னம்

சென்ற மாதம் உறவினர் வீட்டுத் திருமணமொன்றுக்குச் சென்றிருந்தோம். பந்தியிலிருந்து எழுந்து கை கழுவித் திரும்புகையில், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் எதிரே வந்து நின்றார்.

"சேர், என்னைத் தெரியுதோ? உங்களிட்டை உயிரியல் படிச்சனான்."

எமக்கு நினைவு வரவில்லை. அவரே உதவிக்கு வந்தார். "ஒருநாள் கன்னத்திலை அறைஞ்சனீங்கள். முதல்நாள் படிப்பிச்சதைச் சொல்லத் தெரியேல்லை எண்டு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எமக்குச் சிரிப்பு வரவில்லை. "என்ன பாடம் தம்பி?" என்று வினவினோம்.

"அது மறந்துபோச்சு, சேர்."

ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழிந்தும் அறை நிலைத்திருக்கப் பாடம் மறைந்தது ஏன்? உயிரியல் கற்பிக்கும் எமக்கு இதன் விடை ஓரளவு தெரியும். தெரிந்திருந்தமையே அன்றிரவு எம்மை உறங்கவிடவில்லை.

எம் உடற்கலங்கள் ஏறக்குறைய எல்லாவற்றினுள்ளும் ஒரே பரம்பரையலகுத் தொகுதியே இருக்கின்றது. ஆயினும் எந்தக் கலமும் அவை அனைத்தையும் எந்நேரமும் வாசிப்பதில்லை. அலுமாரியிலுள்ள நூல்கள் யாவும் விரிந்து கிடப்பதில்லை அன்றோ? நரம்புக்கலத்தில் வியப்பு யாதெனில், வெளியிலிருந்து வரும் தூண்டலே கருவினுள் மூடிக்கிடக்கும் ஒரு நூலைத் திறக்கச் செய்யும் என்பது. 1986 ஆம் ஆண்டில் மைக்கேல் கிறீன்பேர்க் முதலியோர், நரம்புக்கலத்தை ஒத்த வளர்ப்புக் கலங்களைத் தூண்டினர். சில நிமிடங்களுக்குள்ளேயே 'பொஸ்' என்னும் பரம்பரையலகு வாசிக்கப்படத் தொடங்கிற்று. தூண்டப்பட்ட கலத்தினுள் கல்சியம் பாய, செய்தி கைமாறிக் கைமாறிக் கருவை அடைகின்றது.

இச்செய்திக்கும் நினைவுக்குமுள்ள தொடர்பைத் துலக்கியவர்களுள் முதன்மையானவர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்து எரிக் கண்டல். 2000 ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவர் தேர்ந்துகொண்ட மாணாக்கன் கடல்முயல் என்னும் நத்தையினப் பிராணி. அதற்குள்ள நரம்புக்கலங்கள் சுமார் 20,000 மட்டுமே. (எம் வகுப்பில் எவரையும் இதனோடு ஒப்பிட்டதில்லை என்று சொல்ல எமக்கு வாயில்லை.) அதன் வாலில் ஒருமுறை மின்னதிர்ச்சி கொடுத்தால், பின்னர் மெல்லத் தொட்டாலும் செவுளை வேகமாக உள்ளிழுத்துக்கொள்ளும், அந்த நினைவு சில நிமிடங்களில் அகன்றுவிடும். இடைவிட்டு ஐந்துமுறை கொடுத்தால் நாட்கணக்கில் நிற்கும்.

அப்பிராணியின் இரு நரம்புக்கலங்களை மட்டும் கிண்ணத்தில் வளர்த்து, அதிர்ச்சிக்குப் பதிலாக செரட்டோனின் என்னும் இரசாயனத்தை இட்டபோதும் இதுவே நிகழ்ந்தது. ஒருமுறை இட்டால் அவற்றின் இணைப்பு நிமிடக்கணக்கில் வலுத்தது. இடைவிட்டு ஐந்துமுறை இட்டால் ஒரு நாளுக்கும் மேல் வலுவாக நின்றது. புதுப் புரதம் ஆக்கப்படுவதைத் தடுத்தபோதோ, குறுகிய வலுவுக்கு ஊறு நேரவில்லை. நீண்ட வலு தோன்றவேயில்லை. அஃதாவது, நெடுநாள் நிலைக்கவேண்டிய நினைவுக்குக் கருவினுள் நூல் திறந்தாக வேண்டும். 'கிறெப்' என்னும் புரதம் அதைத் திறக்கின்றது. அதன் இனத்ததாகிய இன்னொரு புரதம் திறக்கவிடாது தடுக்கின்றது. அத்தடை விலகுவதற்கே இடைவிட்டு மீண்டும் மீண்டும் கேட்கவேண்டியிருக்கின்றது. பரீட்சைக்கு முதல்நாள் இரவிரவாகப் பாடமாக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதனைச் சிறிது கவனிப்பாராக.

யாம் அப்பாடத்தை ஒருமுறை சொன்னோம், மறுநாள் கேட்டோம். அறைந்ததும் ஒருமுறைதான். அது மட்டும் எவ்வாறு நிலைத்தது? பேரதிர்ச்சி தரும் நிகழ்ச்சிகள் அத்தடையை ஒருங்கே அகற்றிவிடக்கூடும், அங்கே மீட்டல் வேண்டியதில்லை என்பது கண்டலின் கருத்து. அவரும் இதைப் பட்டறிந்தவர். 1938 நவம்பரில், தம் ஒன்பதாவது பிறந்தநாள் கழிந்து இரண்டாம் நாள், வியன்னாவிலிருந்த அந்த யூதக் குடும்பத்தின் கதவை நாசிப் பொலிசார் தட்டினர். பிறந்தநாளுக்குக் கிடைத்த நீலநிற விளையாட்டுக் காரும் கதவிற் கேட்ட ஓசையும் முதுமையிலும் தம்மை விட்டு நீங்கவில்லை என்று அவர் எழுதியிருக்கின்றார்.

ஒரு வகுப்பறையை அதனோடு ஒப்பிடுவது மிகையே. ஆயினும் பதினைந்து வயதுப் பிள்ளை நாற்பது பேர் பார்க்க அடி வாங்குவதை அப்பிள்ளையின் நரம்புக்கலம் எந்த அளவுகோலால் அளக்கின்றது என்பதை அடித்தவன் தீர்மானித்தல் ஆகாது. அடித்த எமக்கோ அந்நாளே நினைவில் இல்லை.

மண்டபத்தில் விடைபெறும்போது அவர் தம் மகனை அழைத்து, "சேருக்கு வணக்கம் சொல்லு" என்றார். ஆறு வயதிருக்கும். கூச்சத்துடன் கைகூப்பினான். அவன் தலையைத் தடவ வலக்கையை உயர்த்தினோம். தகப்பனாரின் முகம் ஒரு கணம் அப்பாற் சாய்ந்தது. அதை அவர் அறிந்திருக்கமாட்டார்.