புதுக் காலணியின் ஓசை

டென்மார்க் நாட்டின் ஓடென்சே நகரில் ஒரு சிறு வீட்டின் முன் நின்றோம். செருப்புத் தைக்கும் தந்தைக்கும் பிறர் துணி வெளுக்கும் தாய்க்கும் மகனாய், குழந்தைக் கதைகளின் பேராசான் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் (1805–1875) வளர்ந்த இல்லம் அது.

அங்கிருந்து நடந்து புனித கனூட் பேராலயத்தை அடைந்தோம். 1819-இல் இங்கேதான் அவருக்கு லூத்தரன் முறைப்படி திடப்படுத்தல் நடைபெற்றது. அன்றுதான் அச்சிறுவன் முதன்முதலாகப் பூட்ஸ் அணிந்தான். நடக்கையில் அது கிறீச்சிட்டது. புதியதென்று யாவரும் அறிவார்களே என மகிழ்ந்தான். உடனே, இறைவனை மறந்து காலணியை நினைத்ததற்காக வருந்தினான். இதனை அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அந்நினைவே 1845-இல் 'சிவப்புக் காலணிகள்' என்னும் கதையாயிற்று.

திருநாள்தோறும் புத்தாடையில் மயங்கிய சிறுவரைக் கோவிலில் கடிந்துகொண்ட நாம், அங்கே தலைகுனிந்தோம். பெற்றோரே, சற்றுப் பொறுத்திருங்கள். பிள்ளையின் மனச்சான்று தன் வேளையில் பேசும்.