ஸ்ரீநகரிலிருந்து லே: தூரமும் நேரமும்

ஸ்ரீநகருக்கும் லேக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று எவரேனும் கேட்டால், எந்த மார்க்கமாக என்று நீங்கள் திரும்பக் கேட்க வேண்டும். ஆகாய மார்க்கமாக நேர்கோட்டில் அளந்தால் இரு விமான நிலையங்களுக்கும் இடையே ஏறத்தாழ 255 கிலோமீட்டர். சாலை மார்க்கமாகவோ ஏறத்தாழ 420 கிலோமீட்டர்.

நேரத்தின் வித்தியாசம் இதனிலும் பெரிது. விமானத்திற்கு ஒரு மணி நேரத்திற்கும் குறைவே போதும். அதிலும் ஒரு பகுதி ஓடுபாதையில் நகர்வதற்கும், மேலே ஏறி இறங்குவதற்கும் செலவாகின்றது. சாலையில் செல்வோர் பெரும்பாலும் கார்கிலில் இராத்தங்கி, இரண்டாம் நாளில் லேயைச் சேர்கின்றனர். வழியில் 3,528 மீட்டர் உயரமுள்ள ஜோஜி லா கணவாயையும், 4,108 மீட்டர் உயரமுள்ள ஃபோட்டு லாவையும் கடக்க வேண்டும்.

முற்காலத்தில் பனியினால் ஜோஜி லா பல மாதங்கள் அடைபட்டுக் கிடக்கும். 2025-ஆம் ஆண்டில் அது 32 நாட்களில் மீண்டும் திறக்கப்பட்டது. கணவாயின் கீழே சுரங்கப்பாதைப் பணியும் நடைபெற்று வருகின்றது. ஆயினும் பாதை அடைபடும் நாட்களில் வியாதியஸ்தருக்கும் பிரசவ வேதனைப்படும் தாய்மாருக்கும் விமானமே வழி.

இந்த ஆகாய வழியின் ஆரம்பமும் ஆபத்தின் நாளிலேயே நிகழ்ந்தது. 1948 மே 24-ஆம் தேதி, எதிரிகள் லேயை நெருங்கிய வேளையில், ஏர் கமடோர் மெஹர் சிங் ஜெனரல் திம்மையாவுடன் டகோட்டா விமானத்தில் அங்கே இறங்கினார். பொறியாளர் சோனம் நோர்பு உள்ளூர் ஜனங்களைக் கொண்டு அவசரமாகச் சமன்செய்த மண்தரையே அன்றைய ஓடுபாதை.

இன்றும் லே விமான நிலையம் எளிதானதன்று. அது 3,256 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ அமைந்துள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. வெயில் ஏறினால் இன்னும் குறையும். இறக்கைகளுக்கும் இயந்திரங்களுக்கும் பலம் தருவது காற்றே ஆகையால், விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து செல்கின்றன. 2024 ஜூலை இறுதியில் வெப்பம் மிகுந்தபோது பல விமானங்கள் ரத்து செய்யப்பட்டன. ஆகவே, லேயிலிருந்து திரும்பும் நாளிலேயே வேறொரு இரயிலுக்கோ விமானத்திற்கோ முன்பதிவு செய்யாதிருங்கள். ஒரு நாளாவது இடைவெளி வையுங்கள்.

இராணுவத்தில் பணிபுரியும் மகனைக் காணவோ, விடுமுறைக்காகவோ அங்கு செல்ல நினைக்கும் பெற்றோரே, இதனைக் கவனியுங்கள். ஸ்ரீநகர் ஏறத்தாழ 1,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. விமானம் உங்களை ஒரு மணி நேரத்திற்குள் அதன் இருமடங்கு உயரத்தில் இறக்கிவிடும். சரீரமோ அத்தனை விரைவாகப் பழகுவதில்லை. முதல் இரண்டு நாட்கள் முழுமையாக இளைப்பாறுங்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை கண்டால் மேலும் உயரமான இடங்களுக்குச் செல்லாதிருங்கள். ஓய்வாக இருக்கையிலும் மூச்சுத் திணறினாலோ, புத்தி தடுமாறினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தாழ்வான இடத்திற்கு இறங்குவதே அதற்குத் தலையாய பரிகாரம். இருதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் பயணச்சீட்டு வாங்குமுன் மருத்துவரைக் கேளுங்கள்.

பயணச்சீட்டில் அச்சிடப்பட்டிருப்பது விமானத்தின் நேரமே. உங்கள் சரீரம் லேயைச் சேர இன்னும் இரண்டு நாட்கள் ஆகும். அந்த நாட்களையும் கணக்கில் சேர்த்தே விடுப்பு எடுங்கள்.