பசிக்கும் ஒரு சட்டம்

நான் பி.காம். சார்! டெபிட், கிரெடிட் எல்லாம் பாதி மறந்துவிட்டது. ஒரு சட்டம் மட்டும் மறக்கவில்லை. 'ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காதே, நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு கொடு' என்றது 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டம். சொன்னது தொழிற்சாலைகளுக்கு. வயிறு எல்லோருக்கும் ஒன்றுதானே?

குயிலாப்பாளையம் பக்கம் போயிருக்கிறீர்களா? ஆரோவில் பார்க்க வருகிறவர்களுக்கு விதவிதமான சாப்பாட்டுக் கடைகள். பரிமாறுகிற பையன் எப்போது சாப்பிட்டான் என்று நாம் கேட்டிருப்போமா? 'கூட்டம் குறையட்டும்ணே' என்பான். குறையாது. ஒரு டீ, ரெண்டு பிஸ்கட். அப்போதைக்குப் பசி செத்துப்போகும். ராத்திரி பேய்ப்பசியாகத் திரும்பி வரும்.

அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். வெயில் ஏறும் முன்பே பாத்தியில் இறங்கிவிடுவார்கள். நடுவே வரப்பில் தூக்குவாளி திறக்கும். நீராகாரத்தோடு பழைய சோறு, கடிக்க வெங்காயம். வியர்வையில் போன தண்ணீரும் உப்பும் திரும்பக் கிடைக்கும், வயிறும் தாங்கும்.

நகர நேரமில்லாத வேலையா உங்களுக்கு? ஒரு பிடி சுண்டல், வாழைப்பழம், ஒரு பாட்டில் மோர் கைவசம் இருக்கட்டும். பிஸ்கட்டைவிட நின்று பேசும். ஆனால், இதெல்லாம் சமாளிப்புதான்.

கல்லாவில் உட்கார்ந்திருப்பது நீங்கள் என்றால், இன்றைக்கே ஆள் மாற்றிவிட்டு அந்தப் பையனை அரை மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள். தர்மக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அவனுக்குத் தரவேண்டிய பாக்கி அது!