சொந்த வேரில் நிற்கும் ரோஜா

சமவெளியில் ரோஜா வைக்க நினைப்பவர் பூவின் அளவைப் பார்க்கும் முன் வேரைப் பார்க்க வேண்டும். நர்சரியில் கிடைக்கும் ஒட்டு ரோஜாக்களில் மேலே பூப்பது ஒரு செடி, கீழே வேர் பிடித்திருப்பது வேறொரு செடி. நுனிக்கருகல் இறங்கி ஒட்டுப்பகுதியைத் தாண்டிவிட்டால் அடியில் துளிர்ப்பது வேர்ச்செடிதான். காசு கொடுத்து வாங்கிய ரோஜா போய்விடும். பன்னீர் ரோஜா என்று பலரும் அழைக்கும் எட்வர்ட் ரோஜா குச்சியிலேயே வேர்விடும். தரைவரை காய்ந்தாலும் மண்ணுக்குள் உயிர் இருந்தால் வருவது அதே ரோஜாதான். ஒட்டுக் கட்டுவதற்கே எட்வர்டை வேர்ச்செடியாக வைக்கும் வழக்கம் அந்த வேரின் உறுதிக்குச் சான்று.

பழைய ரோஜாக்கள் குளிர்நாட்டுக்கு உரியவை என்பார்கள். காலிகா, ஆல்பா வகைகளுக்கு அது பொருந்தும். அவை ஆண்டுக்கு ஒரு முறை பூப்பவை, குளிர்காலம் கேட்பவை, மதுரை வெயிலுக்கு ஆகாதவை. ஆனால் பழைய ரோஜாக்களுக்கு எல்லைக்கோடாகக் கொள்ளப்படும், 1867இல் வந்த லா ஃபிரான்ஸ் என்ற ரோஜாவுக்கு முந்திய வகைகள் எல்லாம் அப்படியல்ல. எட்வர்ட் உருவானது இந்தியப் பெருங்கடலில் உள்ள வெப்பமண்டலத் தீவான பூர்போனில், இன்றைய ரீயூனியனில். சீனத்து ஓல்ட் பிளஷும் இலையுதிர்கால டமாஸ்க்கும் கலந்து பிறந்தது என்பதே பொதுவான கருத்து. திரும்பத் திரும்பப் பூக்கும் குணமும் பன்னீர் மணமும் ஒரே செடியில் சேர்ந்த காரணம் இந்தக் கலப்பில் இருக்கிறது.

பூ சீக்கிரம் உதிர்கிறது, ஜாடியில் நிற்பதில்லை என்ற குறை உண்மை. ஆனால் விடியலில் பறித்து மாலை கட்டவும் பூஜைக்கு வைக்கவும் நீண்ட காம்பு தேவையில்லை; மணமும் தொடர்ந்த பூப்பும்தான் தேவை. மஞ்சளும் ஆரஞ்சும் விரும்புபவருக்கு ஒட்டு ரோஜாவே சரி. எட்வர்டுக்கு இடமும் வேண்டும்: வரிசைக்கு வரிசை 2 மீட்டர், செடிக்குச் செடி 1 மீட்டர் விடுவது நல்லது. நெருக்கினால் காற்றோட்டம் குறைந்து கரும்புள்ளி நோய் பரவும். மழை ஓய்ந்ததும் கவாத்து செய்யலாம். காய்ந்ததையும் குறுக்கே ஓடுவதையும் முழுதாக நீக்கி, மற்ற கிளைகளைப் பாதியளவில், வெளிநோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே வெட்டி, வெட்டுவாயில் தாமிரப் பூஞ்சைக்கொல்லிப் பசை தடவ வேண்டும். ஒட்டு ரோஜாவைப் போல் ஒட்ட வெட்டினால் புதராக விரியும் அதன் இயல்பே கெடும். பூவை மட்டும் பார்த்தால் ஒட்டு ரோஜா வெல்லும். வெயிலும் மழையும் மாறிமாறி வரும் தோட்டத்தில், பட்டுப்போனாலும் தானாகவே திரும்பி வரும் செடிக்குத்தான் முதல் இடம் தர வேண்டும்.